சேரங்கோட்டு மழைக்கு ஒரு மழைக்கோட்டு

கனடாவில் இருக்கும் பெரியம்மா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஒன்டாரியோவில் நவம்பர் மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறாராம். "தம்பி, வருஷத்துல பாதி நாள் மழையில நிக்கிறவன் நீ. நடந்தா சரசரக்கக் கூடாது, ஏறினா உள்ளுக்குள்ள வேர்க்கக் கூடாது. அப்படி ஒரு மழைக்கோட்டு இருந்தா சொல்லு."

சேரங்கோட்டில் உட்கார்ந்துகொண்டு வேட்டைக்கு யோசனை சொல்வது கொஞ்சம் வில்லங்கமான வேலை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சுடுவது மட்டும் வேட்டை இல்லை. விரட்டுவது, பொறி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது வரை எல்லாமே வேட்டைதான். 1991 திருத்தத்தோடு லைசென்ஸ் வேட்டைக்கும் வழியில்லாமல் போனது. ஆனால் அண்ணன் கேட்ட கேள்வி இருக்கிறதே, அது இங்கே தினமும் கேட்கப்படுகிற கேள்வி. மழையில், மேட்டில், பெரிய மிருகங்கள் இருக்கும் இடத்தில், சத்தம் காட்டாமல் நாள் முழுக்க நடக்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் பெயரே வேட்டைத் தடுப்புக் காவலர். வேட்டைக்காரனுக்கு என்ன உடை வேண்டுமோ, அவனைப் பிடிக்கப் போகிறவருக்கும் அதேதான் வேண்டும். அவர்களோடு அவ்வப்போது பறவைக் கணக்கெடுப்புக்கும் தடம் பார்க்கவும் கூடப் போகிறவன் என்கிற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். நீலகிரி என்றதும் ஸ்வெட்டர், மங்கி கேப், ஊட்டிக் குளிர் என்று கிளம்பி வருகிறவர்கள் பந்தலூர் தாலுகாவில் கால் வைத்ததும் குழம்பிப் போவார்கள். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. நாங்கள் அதில் பாதி உயரத்தை ஒட்டித்தான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. எங்களுக்கு ஜூனில் தென்மேற்கு இறங்கினால் தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, சேரங்கோடு எல்லாம் செப்டம்பர் வரை ஒரே ஈரம். மண்ணும் மழையும் வயநாட்டுடையவை. நிர்வாகமே ஒரு காலத்தில் அந்தப் பக்கம்தான்: நம்பாலக்கோடு, சேரங்கோடு, மூனநாடு என்ற மூன்று அம்சங்களையும் (அந்நாளைய வருவாய்ப் பிரிவுகள்) மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தது 1877இல். அதே வருஷம்தான் ஊட்டியில் வேட்டைக்கார துரைமார்கள் கூடி நீலகிரி கேம் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். சுட்டுச் சுட்டு வரையாடும் கடமானும் அருகிப்போக, சுடுவதற்கு மிருகம் மிஞ்ச வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. 1879இல் அதற்குச் சட்டமும் வந்தது. வயநாட்டுத் தோட்டக்காரரான ஃபிளெட்சர் நீலகிரி, வயநாடு வேட்டையைப் பற்றி 1911இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே இந்தக் காட்டை வில்லோடு சுற்றியவர்கள் முள்ளுக்குறும்பர்கள். இன்றைக்குக் காவலர்களாக இருப்பவர்களில் பலர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள்தான். தடம் பார்க்கிற கண் வேறு யாருக்கு இருக்கிறது?

இப்போது சத்தத்துக்கு வருவோம்.

அண்ணனுக்கு மான் ஓடிவிடக் கூடாது. அது ஒரு நியாயம். மானின் காது மனிதக் காதைவிட உயர்ந்த சுருதிகளை எட்டிப் பிடிக்கும். நைலான் கைப்பகுதி இடுப்பில் உரசும் 'சரக் சரக்' அதற்கு நன்றாகவே கேட்கும். எங்களுக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் யானை. யானையின் காது வேறு கதை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் ஆசிய யானையின் கேட்கும் திறனைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதக் காதுக்கு எட்டாத அடித்தொனி அதற்குக் கேட்டது. மேலே சுமார் 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் கேட்கவில்லை. துணி உரசலின் மேல்சுருதிப் பகுதி அதற்கு எட்டுவதே இல்லை என்று அர்த்தம். எப்படியும் காற்று மாறினால் நம் வாடை முதலில் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படியானால் சத்தமில்லாத கோட்டு எதற்கு? நாம் கேட்பதற்கு. பிளாஸ்டிக் கோட்டின் குல்லாவைப் போட்டு நாடாவை இறுக்கிக்கொண்டு மழையில் நடந்து பாருங்கள். தலைக்கு மேல் சடசடவென்று மழை, கழுத்தைத் திருப்பினால் காதுக்குள்ளேயே கரகரப்பு, ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில் உரசல். இதற்குள் பத்து மீட்டர் தள்ளி மூங்கில் முறிவது எங்கே கேட்கும்? யானை ஆரவாரமாக வருகிற மிருகம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அவ்வளவு உடம்பையும் வைத்துக்கொண்டு அது சந்தடியில்லாமல் நிற்கும். புல்லைப் பிடுங்கி மண் போகக் காலில் தட்டுகிற 'தப் தப்', காது விசிறல், தொண்டைக்குள்ளிருந்து வரும் மெல்லிய உறுமல், இவ்வளவுதான் துப்பு. முதல்முறை கூடப் போனபோது காவலர் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை: "தம்பி, அந்தக் குல்லாவை இறக்கு. மழைக்குப் பயந்து காதை மூடாதே."

அவர் சொன்னதில் மிகை இல்லை. 2020 டிசம்பரில் சேரம்பாடி வட்டாரத்தில் சில நாட்களுக்குள் மூன்று பேரைக் கொன்ற 'சங்கர்' என்ற கொம்பன், கும்கிகள் வந்ததும் கேரளக் காட்டுக்குள் போய்விட்டது. திரும்பி வந்த பிறகு 2021 பிப்ரவரியில்தான் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி23 என்ற ஆட்கொல்லிப் புலியைத் தேடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். தலைமை வன உயிரினக் காப்பாளர் வேட்டை உத்தரவே போட்டார். புலியைக் கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். கடைசியில் அக்டோபர் 15ஆம் தேதி உயிரோடு பிடித்தார்கள். கும்கி, டிரோன், கேமரா என்று டிவியில் எல்லாவற்றையும் காட்டினார்கள். உண்ணிச்செடிப் புதருக்குள் ஈரச் சட்டையோடு முன்னால் நடந்த ஆட்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம்.

சரி, துணி. சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் மேல்துணியின் விறைப்பு. பிவிசி கோட்டு விறைப்பாக இருக்கும், குளிரில் இன்னும் விறைக்கும். நெருக்கமாக நெய்த நைலான் மேல்துணி, நடுவில் சவ்வு, உள்ளே வலைத்துணி என்று மூன்றையும் ஒட்டிய மலையேற்றக் கோட்டுகள் மழையைத் தாங்கும். ஆனால் புதிதில் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம். வெளிநாட்டு வேட்டைக் கோட்டுகளில் இதற்காகவே மேல்துணியைச் சுணை எடுத்து, பின்னலாடை மாதிரி மெத்தென்று செய்கிறார்கள். சத்தம் போய்விடும். ஆனால் அந்தச் சுணையில் தண்ணீர் தங்கும். உள்ளே சவ்வு தண்ணீரை விடாது, சரி, மேலே குடித்த தண்ணீரைத் தோள்தானே சுமக்கிறது? ஒன்டாரியோவில் நவம்பர் மழை சில மணி நேரம் பெய்து நிற்கும், வீட்டுக்குப் போய் ஹீட்டர் பக்கத்தில் மாட்டிவிடலாம். சேரங்கோட்டு ஜூலையில் ஒரு தடவை ஈரம் குடித்த துணி ஆவணியில்தான் காயும். அண்ணனுக்கு அதையே வாங்கச் சொன்னேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இதற்கு நடுவில் பருத்தியில் ஒரு வழி உண்டு. இரண்டாம் உலகப்போரில் கடலில் விழுந்த பிரிட்டிஷ் விமானிகள் குளிரில் விறைத்துச் சாகாமல் இருக்க மான்செஸ்டரின் ஷர்லி இன்ஸ்டிட்யூட்டில் உருவாக்கிய வென்டைல். நெருக்கமாக நெய்த நீண்ட இழைப் பருத்தி. நனைந்ததும் நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பூச்சும் இல்லை, சவ்வும் இல்லை, சத்தமும் இல்லை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நாள் முழுக்க மழை என்றால் பலகை மாதிரி ஆகிவிடும், விலையும் கையைக் கடிக்கும்.

கம்பளிக்கு நான் எப்போதும் ஓட்டுப் போடுவேன். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நூலுக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் பிசுபிசுக்காது. உரசினால் மூச்சு விடுகிற சத்தம்கூட வராது. கொங்கு நாட்டு ஆடுமேய்ப்பவர்கள் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் மாட்டும் கொங்காடை சும்மா வந்ததில்லை. ஆனால் கொட்டுகிற மழையில் கம்பளி நனையத்தான் செய்யும், நனைந்தால் கல்லாகக் கனக்கும், அதன் மடிப்புகளில் அட்டை குடித்தனம் வைக்கும். வெளியே போர்த்துவதற்கு அல்ல, மழைக்கோட்டுக்கு உள்ளே போடும் மெல்லிய பனியனாகத்தான் இன்றைக்கு அது எனக்கு உதவுகிறது.

வேர்வை விஷயம் கொஞ்சம் கணக்கு கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பூசிய துணி 1823இல் சார்லஸ் மாக்கின்டாஷ் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து இருக்கிறது. நம் ஊரில் தாத்தாமார்கள் போட்ட டக்பேக், 1920இல் கல்கத்தாவில் சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப் கம்பெனியின் சரக்கு. தண்ணீர் உள்ளே போகாது, ஆவி வெளியே வராது. கொட்டுகிற மழைக்குள் அரை மணி நேரம் மேடு ஏறினால் வெளியே நனையாமல் உள்ளே நனைவோம். 1969இல் பாப் கோர் ஒரு பிளாஸ்டிக் கம்பியைச் வெடுக்கென்று இழுத்ததில் அது நுண்துளைகளோடு விரிந்தது. அதிலிருந்து வந்ததுதான் கோர்-டெக்ஸ். நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி நுழையக்கூடிய துளை. இன்று சாதாரணக் கோட்டு லேபிளிலும் 10,000 / 10,000 என்று போட்டிருப்பார்கள். முதல் எண் தண்ணீரின் அழுத்தம்: 10,000 மில்லிமீட்டர், அதாவது பத்து மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணைத் தாங்கும். மழைத்துளிக்கு அவ்வளவு தேவையில்லை. பை வார் தோளில் அழுத்துகிற இடத்துக்கும் ஈரப்பாறையில் உட்காரும் இடத்துக்கும் வேண்டும். இரண்டாம் எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் வெளியேறும் ஆவி, கிராமில். மணிக்குச் சுமார் 417 கிராம் வருகிறது. ஒரு கோட்டில் ஒன்றரை சதுர மீட்டர் துணி என்று வைத்தால் மணிக்கு 600 கிராம் சொச்சம். மேடு ஏறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சாதாரணமாக வேர்க்கும். காகிதத்தில் சரிக்குச் சரி.

ஆனால் அந்த எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் ஆவியழுத்த வித்தியாசம்தான். தோலருகே 33 டிகிரியில் நிறைந்த ஆவியின் அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். வெளியே 5 டிகிரியில் மழை பெய்தால் அங்கே 0.9. வித்தியாசம் நான்குக்கு மேல். எங்கள் ஊரில் ஜூலையில் 20 டிகிரி, காற்று முழுக்க ஈரம் என்றால் வெளியே 2.3. வித்தியாசம் 2.7தான். அதே கோட்டு, அதே ஆள், தள்ளுகிற விசை மட்டும் மூன்றில் இரண்டு பங்கு. ஐரோப்பாவின் குளிருக்கு 'மூச்சு விடும்' கோட்டு இங்கே வந்ததும் மூச்சுத் திணறுவதற்குக் காரணம் இது. மேல்துணியின் நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்து துணி ஈரம் குடித்துவிட்டால் மிச்ச வழியும் அடைந்துபோகும். முன்பு அந்தப் பூச்சில் இருந்த ஃப்ளோரின் ரசாயனங்களைச் சுற்றுச்சூழல் காரணமாக இப்போது கைவிட்டு வருகிறார்கள். நல்ல காரியம். புதுப் பூச்சு சீக்கிரம் தேய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே எங்கள் பக்கத்துக்குச் சவ்வின் எண்ணைவிட ஓட்டைகள் முக்கியம். அக்குளில் ஜிப் வைத்த கோட்டு, அகலமான கை, இடுப்பை இறுக்காத வெட்டு. கடையில் எண் கேட்பதை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள். அக்குள் ஜிப் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து, கைப்பகுதியைக் கைப்பகுதியோடு காதருகே தேய்த்துக் கேளுங்கள். நகத்தால் ஒரு கீறல். பிறகு கடைக்குள்ளேயே பத்து எட்டு நடங்கள், கடைப்பையன் சிரித்தால் சிரிக்கட்டும். வெல்க்ரோ இருந்தால் எனக்குப் பிடிக்காது. காட்டுக்குள் அதைப் பிரிக்கிற 'கர்ர்' சத்தத்துக்கு மந்திக் கூட்டமே குரல் கொடுக்கும். டிக் பட்டன் மேல். ஜிப்பின் உலோக நாக்குக்குப் பதில் ஒரு துண்டு கயிறு கட்டிவிட்டால் கிணுகிணுப்பு நிற்கும்.

குல்லாவைக் கழற்றி வைக்கக்கூடிய கோட்டாக வாங்குங்கள். அதற்குப் பதில் அகல விளிம்புத் துணித் தொப்பி. கழுத்து கொஞ்சம் நனையும், காது திறந்திருக்கும். காவலர் அண்ணன் போட்டிருப்பது அரசாங்கம் கொடுத்த சாதாரணக் கோட்டுதான். குல்லாவை மட்டும் தையல்காரரிடம் கொடுத்துக் காது பக்கம் இரண்டும் வட்டமாக வெட்டி, ஓரத்தில் துணி வைத்துத் தைத்து வாங்கியிருக்கிறார். எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் இன்னும் அந்த மாடலைக் கொண்டுவரவில்லை.

பிரெஞ்சுக் கம்பெனியான டெகாத்லானின் வேட்டை உடைப் பிரிவுக்கு சோலோன்யாக் என்று பெயர், அங்கே அது துப்பாக்கிக்காரர்களுக்கு. இங்கே அதே உடையை வாங்குவது பறவை பார்க்கிறவர்களும் போட்டோக்காரர்களும். நிறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். யானைக்கும் மானுக்கும் சிவப்பு, பச்சை பேதம் தெரியாது. ஒன்டாரியோவில் துப்பாக்கி சீசனில் வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு போட வேண்டும் என்பது சட்டம். மான் அதைக் கண்டுகொள்ளாது, இன்னொரு வேட்டைக்காரன் கண்டுகொள்வான். நீலமும் வெள்ளையும்தான் தவிர்க்க வேண்டியவை.

இதையெல்லாம் எழுதும்போது என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. "இவ்வளவு சொல்றியே, எங்களுக்கு யாருடா அக்குள்ள ஜிப்பு வச்சுக் கொடுத்தா?" நியாயம். இந்த ஊரில் மழையில் அதிகநேரம் நிற்பது காவலரோ போட்டோக்காரரோ இல்லை, கொழுந்து பறிக்கிற பெண்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் சேர்ந்த குடும்பங்கள் இலங்கையிலிருந்தே கொண்டுவந்த பழக்கம் படங்கு. முன்பு சாக்கு, இப்போது தடித்த பிளாஸ்டிக் தாள். இடுப்பில் இரண்டு சுற்று, கயிறு போட்டு இறுக்கினால் ஈரச் செடி உரசி உடுப்பு நனையாது. மேலே தலையிலிருந்து முதுகு வரை இன்னொரு தாள், அதற்கு மேல் கூடைப் பட்டை. இருப்பதிலேயே சத்தமான உடை இதுதான். முப்பது பேர் ஒரு நிரையில் நின்று பறித்தால் தாள் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் கங்காணி கூப்பிடுவதே கேட்காது. யானை கீழ்ப் பள்ளத்திலிருந்து ஏறினால் அதை முதலில் காண்பது நிரையின் ஓரத்தில் இருக்கிறவள்தான், அதுவும் கண்ணால். அம்மா அந்த ஓரத்தில் நிற்கும்போது மேல்தாளைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொள்ளும். காவலர் அண்ணன் தையல்காரரிடம் செய்துகொண்டதும் அதேதான்.

2025 வரை நடப்பில் இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைப் பற்றியது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, ரெயின்கோட் எத்தனை, எந்த வகையில் தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. 'எந்த வகை' என்ற இடத்தில் ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. காதை மூடாத, அக்குள் திறந்த, மெல்லிய பாலியூரித்தேன் பூசிய துணிக்கோட்டு இன்றைக்கு ஒன்றும் ராக்கெட் விலை இல்லை. மொத்தமாகத் தைத்தால் இன்னும் குறையும். யானை நடமாடும் தோட்டங்களில் அதைப் பாதுகாப்புச் சாதனக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. போட்டோக்காரர் நனைந்தால் படம் போகும், அவ்வளவுதான்.

பாலியூரித்தேன் என்றதும் ஞாபகம் வந்தது. இந்தப் பூச்சுக்கு எதிரி மழை இல்லை, மழைக்காலத்துக்குப் பிந்தைய அலமாரி. ஈரக் காற்றில் மடித்து வைத்தால் பூச்சு மெல்லச் சிதைந்து பிசின் மாதிரி ஒட்டும், பிறகு செதில் செதிலாக உரியும். அக்டோபரில் நன்றாக அலசி, சோப்பு போகக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து, மடிக்காமல் தொங்க விடுங்கள். கம்ஃபர்ட் மாதிரிச் சமாச்சாரங்களை ஊற்றவே கூடாது, நீர்விலக்கி போய்விடும். லேபிளில் அனுமதி இருந்தால் துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் நீர்விலக்கி கொஞ்சம் உயிர்பெறும். அடுப்புக்கு மேல் கொடியில் காயப்போடும் ஊர்ப் பழக்கம் கம்பளிக்குச் சரி, இதற்கு வேண்டாம். ஒட்டிய தையல் நாடா சூட்டில் பிரியும், புகைவாடை வேறு.

பேன்ட் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். மழைப் பேன்ட் வேண்டாம் என்பேன். கால்தான் அதிகம் உரசும், அதிகம் சத்தம் போடும், அதிகம் வேர்க்கும். சீக்கிரம் காயும் மெல்லிய பேன்ட் போட்டு நனைய விடுங்கள். முழங்கால் வரை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் அட்டை சாக்ஸ், மேலே நாடா இறுக்கி. உள்ளூர் தையல்காரர் ஒரு மீட்டர் துணியில் தைத்துக் கொடுப்பார். கம் பூட்ஸ் தோட்டப் பாதைக்குச் சரி. காட்டு ஏற்றத்தில் உள்ளே தண்ணீர் புகுந்தால் 'பொளக் பொளக்' என்று கூடவே வரும், அதற்கு ஓட்டை போட்ட கான்வாஸ் ஷூ எவ்வளவோ மேல். அளவு தெரியாதவர்கள் காலுக்கு அரை இன்ச் பெரிதாக வாங்குங்கள், அட்டை சாக்ஸ் இடம் பிடிக்கும்.